தொடங்கிற ஆளுக்கு எது நல்லது

அக்காவின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

முரசுமோட்டைச் சந்தியில் அப்போது நான் ஒரு கொமினிகேசன் கடை வைத்திருந்தேன். போட்டோக் கொப்பி, பாஸ்போட் படம், வெளிநாட்டுக் கோல், இன்டர்நெட் எல்லாம் ஒரே அறைக்குள் நடக்கும். அக்காவின் வயல் கடைக்குப் பின்பக்கம், வாய்க்காலைத் தாண்டி இருந்தது. ஐம்பதை நெருங்கிய வயது. வயலிலிருந்து வரும்போது சட்டைக்கு மேல் ஆம்பிளைகள் போடுகிற சேட்டு ஒன்றைப் போட்டு, கையை முழங்கைவரை மடித்திருப்பார். அவருடைய தாய் தகப்பன் மலையகத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள். அக்கா பேசுவது வன்னித் தமிழ்தான், ஆனால் நாங்கள் 'ங்கோ' என்று முடிக்கிற இடத்தில் அவர் 'ங்க' என்று முடிப்பார்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு விசயத்தை யாரிடம் கேட்கவேண்டுமோ அவரிடமே போய் நேராகக் கேட்பார். அக்கம் பக்கத்தில் விசாரிப்பது, ஆள்பிடித்து அறிவது, சாடையாகச் சொல்லிப் பார்ப்பது ஒன்றும் அவருக்கு வராது.

ஊருக்குத் தண்ணீர்த் தாங்கி கொடுக்க வந்த ஒரு நிறுவனத்துக்காரர், பேசி முடித்தபிறகு, "ஏதும் கேள்வி இருக்கா?" என்று சும்மா கேட்டார். எங்கள் ஊரில் அப்படிச் சும்மா கேட்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது.

"இது உடைஞ்சா ஆரிட்ட வாறது?" என்று அக்கா கேட்டார்.

நிறுவனத்துக்காரர் தன்னோடு வந்தவரைப் பார்த்தார். வந்தவர் தாங்கியைப் பார்த்தார்.

இன்னொரு முறை, ஒரு கலியாண வீட்டில், தாலி கட்டுவதற்குச் சற்று முன்னர் மாப்பிள்ளை மணவறைக்குப் பின்னால் தண்ணீர் குடிக்க வந்தான். அக்கா அங்கே தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "தம்பி, உங்களுக்கு இந்தக் கலியாணம் விருப்பம்தானே?" என்று கேட்டார். மாப்பிள்ளை தண்ணீரைக் குடித்து முடித்தான். யோசித்தான். "ஓம் அக்கா" என்றான். "அப்ப சரி, போங்க" என்றார். பெண் வீட்டார் ஒரு வருடம் அக்காவோடு கதைக்கவில்லை. மாப்பிள்ளை மட்டும் பிறகு என் கடைக்கு வந்த ஒருநாள், அதுவரை தன்னிடம் யாருமே அதைக் கேட்கவில்லை என்று சொன்னான்.

இப்படியான ஆளிடம் துவக்கு, அதுதான் துப்பாக்கி, எப்படி வந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

சண்டை முடிந்து ஊர் திரும்பிச் சில போகங்கள் ஆனபிறகு, காட்டுப்பன்றியின் தொல்லை தாங்கமுடியாமல் போயிற்று. ஆட்கள் இல்லாதிருந்த வருடங்களில் பண்டிகள் பெருகியிருந்தன. பயிரைக் காக்கவென்று விவசாயிகளுக்கு அனுமதிப்பத்திரத்தோடு ஒற்றைக்குழல் துவக்கு கொடுப்பதாகக் கூட்டம் வைத்துச் சொன்னார்கள். யார் எடுக்கிறீர்கள், பெயரைத் தாருங்கள் என்றார்கள். கூட்டத்தில் முழு ஊரும் இருந்தது. பண்டி தின்றதைப் பற்றி அதுவரை எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கதைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் என்றதும் அமைதியானார்கள். எங்கள் பக்கத்தில் துவக்குக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதிக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. பண்டி தின்றாலும் பரவாயில்லை என்று ஒருவர் மெல்ல எழுந்து போனார்.

அக்கா கையைத் தூக்கினார். "பொம்பிளை எடுக்கலாமா?"

அலுவலர் தாள்களைப் புரட்டிப் பார்த்தார். எடுக்கக்கூடாது என்று அதில் இல்லை.

அப்படித்தான் அக்கா எங்கள் ஊரின் துவக்குக்காரர் ஆனார். சுடுவதற்கு ஒருநாள் பழக்கிக் காட்டினார்கள். நன்றாகத்தான் சுட்டார். ஆனால் பண்டி வந்தால் முதல் வெடியை வானத்துக்கு வைப்பார். போகாவிட்டால்தான் இரண்டாவது.

"அக்கா, தோட்டாவை ஏன் வீணாக்கிறியள்?" என்று நான் கேட்டேன்.

"அதுக்கும் ஒருக்காச் சொல்லிப் பாக்கோணும்தானே."

பண்டிகள் பெரும்பாலும் சொல்லுக் கேட்கவில்லை. ஆகவே அக்காவுக்கு மற்ற ஊர்த் துவக்குக்காரர்களைப்போல இரண்டு மடங்கு தோட்டா தேவைப்பட்டது. தோட்டாவோ விண்ணப்பம் கொடுத்து, கையெழுத்து வாங்கி, அரசாங்கக் களஞ்சியத்திலிருந்து வரவேண்டும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் கேட்டால் அறுவடை முடிந்து வரும்.

சிலர் வெடித்த தோட்டாவின் வெறுங்கோதை எறியாமல் வைத்திருந்து, தாங்களே வெடிமருந்தும் ஈயமும் அடைத்துத் திரும்பப் பாவித்தார்கள். வட்டக்கச்சிப் பக்கம் ஒருவர் அப்படி அடைத்ததைச் சுட்டபோது குழல் பிளந்து இரண்டு விரல் போயிற்று. ஊர் அவரைப் பார்க்கப் பழம் வாங்கிக்கொண்டு போனது. அக்காவும் போனார். சுகம் விசாரித்துவிட்டு, "மருந்தை என்னத்தால அளந்தனீங்க?" என்று கேட்டார். அந்த மனிதர் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டி, "இதாலதான்" என்றார்.

அடுத்த கிழமை அக்கா என் கடைக்கு வந்தார். கனடாவில் இருக்கிற தம்பியோடு கணினிப் படத்தில் முகம் பார்த்துக் கதைக்கவேண்டும் என்றார். தம்பி அங்கே மான் வேட்டைக்குப் போகிறவர். தன் தோட்டாக்களைத் தன் வீட்டுக் கராஜிலேயே ஒரு மெசின் வைத்து அடைக்கிறவர். அங்கே அது வழக்கமாம், யாரும் எதுவும் சொல்லமாட்டார்களாம்.

கணினியில் தம்பியின் முகம் வந்தது. அக்கா முன்னுரை ஒன்றும் இல்லாமல், "அந்தத் தோட்டா அடைக்கிற மெசினில, தொடங்கிற ஆளுக்கு எது நல்லது?" என்று கேட்டார்.

கடையில் அப்போது இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் போட்டோக் கொப்பிக்குக் கொடுத்த தாளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். மற்ற இருவரும் தாங்கள் வந்த அலுவல் மறந்துபோனதாகச் சொன்னார்கள்.

அதன்பிறகு பல பின்னேரங்கள் அந்தக் கதைதான். அக்கா வருவார், மற்றவர்கள் போவார்கள். வாழ்க்கையில் ஒரு தோட்டாவைக்கூட அடைக்காத எனக்கு அந்த மெசின்களைப் பற்றி இன்றும் ஓரளவு தெரியும். சின்ன மெசினில் ஒரு கைபிடி. வெறுங்கோதை நாமே ஒவ்வோர் இடமாக நகர்த்தவேண்டும்: கோதின் அடியில் இருக்கிற எரிந்த வெடிக் கேப்பைத் தள்ளி எடுக்க ஓர் இடம், புதியதை ஏற்ற ஓர் இடம், மருந்து விழ ஓர் இடம், ஈயக் குண்டு விழ ஓர் இடம், கடைசியில் வாயை மடிக்க ஓர் இடம். ஒரு நேரத்தில் ஒரு தோட்டாதான். பெரிய மெசினில் வட்டமாகத் தட்டு சுற்றும்; ஒருதரம் கைபிடியை இழுத்தால் எல்லா வேலையும் எல்லா இடத்திலும் ஒன்றாக நடந்து, ஒவ்வோர் இழுவைக்கும் ஒரு தோட்டா வந்து விழும்.

தம்பிக்குப் பெரியதில்தான் ஆசை. "அக்கா, வாங்கிறதெண்டால் இதை வாங்குவம். ஒரு மணித்தியாலத்தில பெட்டி பெட்டியா அடிச்சுப் போடலாம்."

"பெட்டி பெட்டியா எனக்கு என்னத்துக்கு? வாறது நாலஞ்சு பண்டி."

"சின்னதை வாங்கினா ஒரு வருசத்தில அலுத்துப் போயிடும். எல்லாரும் பிறகு பெரிசுக்குத்தான் மாறுறவை."

"தம்பி, நான் ஒண்டு கேக்கிறன். பெரிசில எல்லாம் ஒண்டா நடக்கேக்க, ஒரு கோதுக்குள்ள மருந்து ரெண்டுதரம் விழுந்திட்டா எனக்கு எப்பிடித் தெரியும்?"

தம்பி சற்று யோசித்தார். "கவனமாப் பாக்கோணும்."

"நீ பாக்கிறனியா?"

"சில நேரம்."

"சின்னதில?"

"சின்னதில ஒண்டுதானே, அக்கா. கையில கோது இருக்கும். உள்ளுக்கு எட்டிப் பாக்கலாம்."

"அப்ப தொடங்கிற ஆளுக்குச் சின்னதுதான்" என்றார் அக்கா. கூடவே மருந்து நிறுக்க ஒரு சின்னத் தராசும் வேண்டும் என்றார். தெரிவு முடிந்தது. இனி அதைக் கனடாவிலிருந்து எடுப்பிக்கலாமா என்று கேட்பது மட்டும்தான் மிச்சம்.

"ஆரிட்டக் கேக்கப் போறியள்?" என்று நான் பயத்தோடு கேட்டேன்.

"ஆரிட்டக் கேக்கோணுமோ அவங்களிட்ட."

முதலில் கிராம சேவகரிடம் போனார். நானும் ஒரு பதிவு அலுவலாக அங்கே நின்றேன். அக்கா சொல்லத் தொடங்கியதும் கிராம சேவகர் எழுந்துபோய் யன்னலைச் சாத்தினார். முழுக்கக் கேட்டார். பிறகு, "அக்கா, நீங்கள் என்னட்ட இதைக் கேக்கேல்ல. நான் கேள்விப்படவும் இல்லை" என்றார்.

"இப்பத்தானே கேட்டனான்."

"இல்லை, கேக்கேல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் யன்னலைப் பார்த்தேன்.

பிறகு மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போனார். விவசாயப் பகுதியில் இது விவசாயம் அல்ல என்றார்கள். வேறொரு பகுதியில், விவசாயத்துக்கு என்றால் விவசாயப் பகுதியில்தான் கேட்கவேண்டும் என்றார்கள். எல்லா இடத்திலும் அக்கா ஒரே கேள்வியை ஒரே குரலில் கேட்டார். தோட்டா நேரத்துக்கு வராததால் தானே அடைக்கிற மெசின் ஒன்றை எடுப்பிக்கலாமா, எடுப்பிக்கலாம் என்றால் யாரிடம் அனுமதி எடுக்கவேண்டும், கூடாது என்றால் கூடாது என்று சொல்லுங்கள். கூடாது என்று சொல்லக்கூட யாரும் தயாராக இல்லை. அதைச் சொல்வதற்கும் அந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருக்கவேண்டும் அல்லவா.

கூடாது என்பது எனக்குத் தெரியும். அக்காவுக்கும் அநேகமாகத் தெரிந்திருக்கும். ஆனால் சொல்லவேண்டியவர் வாயிலிருந்து அது வரவேண்டும் என்று இருந்தார்.

சிவில் உடுப்பில் இருவர் என் கடைக்கு வந்தார்கள். கணினியில் தோட்டா மெசின் தேடியது யார் என்று கேட்டார்கள். நான் சொல்வதற்கு முதலே, வாய்க்காலைத் தாண்டி வந்து வாசலில் நின்ற அக்கா, "நான்தாங்க" என்றார்.

"யாருக்குத் தோட்டா செய்யப் போறீங்க?"

"பண்டிக்கு."

அவர்களில் ஒருவருக்குத்தான் தமிழ் தெரியும். அவர் மற்றவரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். திரும்பி, "பண்டி எண்டா யாரு? சொந்தப் பேர் என்ன?" என்று கேட்டார்.

அக்கா அவர்களை வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். என்னையும் வரச் சொன்னார்கள். உழக்கிப் போட்டிருந்த நெல்லையும் சேற்றில் பதிந்திருந்த குளம்பு அடையாளத்தையும் அக்கா காட்டினார். தமிழ் தெரிந்தவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மற்றவரிடம் சிங்களத்தில் சொன்னது, வவுனியாவில் ஒரு சிங்கள முதலாளியின் கடையில் நான்கு வருடம் நின்ற எனக்கு விளங்கியது. "உண்மையாகவே பன்றிதான்" என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்ததுபோலவும் இருந்தது.

எப்படியும் விசாரணை என்று வந்தபிறகு துவக்கை விட்டுவைக்கமுடியாது. பரிசோதிக்கவேண்டும் என்று பொலிசில் வாங்கி வைத்தார்கள். கதிர் முற்றுகிற நேரம். அந்தப் போகம் அக்காவின் வயலில் பாதி பண்டிக்குப் போனது. பக்கத்து வயல்காரர்களுக்கும் அடி விழுந்தது. அவர்கள் பண்டியை விட்டுவிட்டு அக்காவைத் திட்டினார்கள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் துவக்காவது இருந்திருக்கும் என்றார்கள். அது உண்மைதான். அக்கா மறுக்கவில்லை. ஆனால் இரவிரவாகப் பண்டி கலைக்கத் தகரத்தைத் தட்டித் தட்டி வீங்கிய கையோடு விடியக்காலமையில் சைக்கிள் எடுத்துப் பொலிசுக்குப் போய், வாசலில் நின்றவரிடம், "ராத்திரியும் பண்டி வந்ததுங்க. நீங்க வந்து சுடுறீங்களா, நான் வந்து துவக்கை எடுக்கிறதா?" என்று கேட்டுவிட்டு வருவார். பல நாள் அப்படிப் போனார். அங்கே அவரைத் தூரத்தில் கண்டதும் உள்ளே போய்விடுவார்களாம்.

இந்த நிலையில்தான் தம்பி ஒரு வேலை செய்தார். அக்கா கேட்டுக்கொண்டே இருப்பார், பதில் வரவே போவதில்லை என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும். சாமான் பெட்டி ஒன்றில் சோப்பு, சொக்கலேட், துவாய்களுக்கு நடுவே, அந்தச் சின்ன மெசினை வைத்து, பழம் பிழிகிற மெசின் என்று எழுதி அனுப்பிவிட்டார்.

அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினார். போனபோது மெசின் குசினி மேசையில் இருந்தது. சாம்பல் நிற இரும்பு, கறுப்புக் கைபிடி. பல பின்னேரங்கள் கணினியில் பார்த்த அதே மெசின். அக்கா கைபிடியை ஒருமுறை கீழே இழுத்துவிட்டார். சத்தமில்லாமல் இறங்கி ஏறியது.

"நல்ல சாமான்" என்றார். முகத்தில் ஒரு சந்தோசம் இருந்தது. ஒரு கணம்தான். பிறகு அதை உரப்பைக்குள் வைத்துக் கட்டத் தொடங்கினார்.

"எங்க ஒளிக்கப் போறியள்?"

"ஒளிக்கிறதா? பொலிசுக்குக் கொண்டு போவம். உங்கட மோட்டச்சைக்கிள் இருக்குத்தானே."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். வாய்க்காலில் போடலாம் என்றேன். குளத்தில் போடலாம் என்றேன். தோட்டத்தில் குழி வெட்டித் தாட்டு, மேலே மரவள்ளி நடலாம் என்றேன். எங்கள் ஊரில் தாட்டது என்ன கொஞ்சமா.

"தாட்டதெல்லாம் ஒருநாள் மேல வருது, தம்பி. கிணறு வெட்டிற பெடியன் மண்வெட்டியைப் போடேக்க வருது" என்றார் அக்கா. "நான் ஒண்டையும் மண்ணுக்குள்ள தாக்கிறதில்லை எண்டு இருக்கிறன்."

வீட்டுக்குப் போய் மனைவிக்குச் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "அந்த அக்காவோட இதைக் கொண்டு பொலிசுக்குப் போறதெண்டா, ரெண்டு சேட்டும் துவாயும் எடுத்துக்கொண்டு போங்கோ. திரும்பி எப்ப விடுவாங்களோ."

"போகாம விட்டா அக்கா சைக்கிளில கட்டிக்கொண்டு தனியாப் போவா."

மனைவி உள்ளே போய் இரண்டு சேட்டும் துவாயும் எடுத்து மடித்துத் தந்தாள்.

மோட்டார் சைக்கிளில் அக்கா பின்னால் இருந்தார். உரப்பை மடியில். பொலிஸ் வாசலில் நின்றவருக்கு அக்காவைத் தெரியும். இன்றைக்கும் பண்டியா என்கிற முகத்தோடு, பையில் என்ன என்று கேட்டார்.

"தோட்டா செய்யிற மெசின்" என்றார் அக்கா.

உள்ளே கதிரைகள் நகர்கிற சத்தம் ஒன்றாகக் கேட்டது. பிறகு நடந்ததில் ஒழுங்கு இல்லை. பையைக் கீழே வை என்று ஒருவர், வைக்காதே என்று இன்னொருவர். என்னைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். சேட்டும் துவாயும் இருந்த பையை நிலத்தில் கொட்டி உதறினார்கள். பொறுப்பதிகாரி வெளியே வந்தார். ஓய்வு பெற அதிக காலம் இல்லாத மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். உள்ளே கொண்டுவரச் சொன்னார்.

மெசின் அவருடைய மேசையில் வைக்கப்பட்டது. எனக்குச் சிங்களம் வரும் என்பதால் மொழிபெயர்க்கச் சொன்னார்.

"இது எப்படி வேலை செய்யும்?" என்று கேட்டார்.

அக்கா ஒவ்வோர் இடமாகத் தொட்டுச் சொன்னார். கேப் தள்ளுவது, மருந்து, ஈயம், மடிப்பு. நான் சொல்லிக்கொண்டு வந்தேன். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுப் பார்த்தார்.

"இதைவிடப் பெரியது இருக்கிறதா?"

"இருக்காம். தொடங்கிற ஆளுக்கு இதுதான் நல்லதுங்க. பிழை விட்டா உடன தெரியும்."

அவர் கைபிடியை இழுத்துப் பார்த்தார். தன் ஊரிலும் பன்றி இருக்கிறது என்றார். அதைச் சொல்லியிருக்கத் தேவையில்லை. உடனே அவரும் அப்படி நினைத்தார்போல. குரலை மாற்றி, இது பெரிய குற்றம், தெரியுமா, ஏன் கொண்டுவந்தாய் என்று கேட்டார்.

"எடுப்பிக்கலாமா எண்டு கேட்டனான். ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. தம்பி அவசரப்பட்டு அனுப்பிட்டான். பதில் வரும்மட்டும் இது உங்களிட்ட இருக்கட்டுமே."

"பதில் இதுதான். கூடாது."

"சரிங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான். இத்தனை நாளும் கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். கோபமும் இல்லை, வாதமும் இல்லை.

அதிகாரிக்கு அது எதிர்பாராதது. வாதாடுவார், அழுவார் என்று இருந்திருப்பார். நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டிவரும் என்றார். அதற்கும் அக்கா சரி என்றார். அவர் களைத்துப்போய்க் கதிரையில் சாய்ந்து, சற்று எரிச்சலோடு, "வேறு ஏதும் கேட்க இருக்கிறதா?" என்றார்.

"இருக்கு" என்றார் அக்கா.



"சண்டை முடிஞ்ச நேரம், நாங்க சனத்தோட சனமா வெளிய வந்தம். ஆம்பிளையளைத் தனிய எடுத்து பஸ்ஸில ஏத்தினாங்க. என்ர மனிசனையும் ஏத்தினாங்க. நான் பக்கத்திலதான் நிண்டனான். பஸ் எங்க போகுது எண்டு ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம். பயத்தில கேக்கேல்ல. அவர் யன்னலுக்குள்ளால கையைக் காட்டினவர். அந்த பஸ் எங்க போனதுங்க?"

அதை நான் சிங்களத்தில் சொல்லவேண்டியிருந்தது. பஸ், யன்னல், கை எல்லாம் இலகுவான சொற்கள். சொல்லி முடிக்க எனக்கு நேரம் எடுத்தது. அறையில் நின்ற மற்றப் பொலிஸ்காரர் வெளியே போய்விட்டார். அதிகாரி மெசினின் கைபிடியில் வைத்த கையை எடுக்காமல் இருந்தார். தனக்குத் தெரியாது என்றார். அப்போது தான் இங்கே இல்லை, வேறு மாவட்டத்தில் இருந்ததாகச் சொன்னார். கணவரின் பெயரைக் கேட்டார். அக்கா சொன்னார்.

அன்று பின்னேரமே எங்களை விட்டுவிட்டார்கள். சேட்டையும் துவாயையும் மடித்தே திருப்பித் தந்தார்கள். திரும்புகிற வழியில் அக்கா பின்னால் இருந்து, மிச்ச நெல்லை வெட்டுகிற ஆள் நாளைக்கு வருவானா என்று யோசித்துக்கொண்டு வந்தார்.

வழக்கு அதிக நாள் ஓடவில்லை. மெசினைத் தானாகவே கொண்டுவந்து ஒப்படைத்தவர், ஒரு தோட்டாகூட அடைக்கப்படவில்லை என்று அந்த அதிகாரியே நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னார். மெசின் அரசுடைமை ஆயிற்று. அக்காவை எச்சரித்து விடுதலை செய்தார்கள். ஏதும் சொல்ல இருக்கிறதா என்று நீதவான் கேட்டார். எங்கள் வழக்கறிஞர் இல்லை என்று தலையாட்டினார்.

"அப்ப பண்டிக்கு என்னங்க செய்யிறது?" என்றார் அக்கா.

அது இந்த நீதிமன்றத்தின் முன் உள்ள விசயம் அல்ல என்று நீதவான் சொன்னார். எந்த நீதிமன்றத்தின் முன் உள்ளது என்று அக்கா கேட்பதற்குள் வழக்கறிஞர் அவரை வெளியே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

துவக்கு திரும்பக் கிடைத்தது. அடுத்த போகத்தில் தோட்டா கதிர் வருவதற்கு முன்பே வந்தது. அக்கா வந்து கேட்பாரே என்கிற பயத்தில் வந்ததாக ஊர் சொன்னது. கனடாத் தம்பி பல மாதம் அக்காவோடு கதைக்கவில்லை. அக்கா தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டார் என்பது அவர் எண்ணம். அக்கா என் கடைக்கு வந்து, தம்பி எடுக்காவிட்டாலும் கோல் அடித்துக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒருநாள் தம்பி எடுத்தார். "உனக்கு என்னில கோவமா?" என்று அக்கா கேட்டார். ஓம் என்றார் தம்பி. "சரி" என்றுவிட்டு அங்கே குளிர் எப்படி என்று விசாரித்தார். அதன்பிறகு இருவரும் பழையபடி கதைத்தார்கள்.

இது நடந்து ஒரு வருடத்துக்குப் பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், சேட்டும் இடுப்பில் சாரமுமாக ஒருவர் மோட்டார் சைக்கிளில் என் கடை வாசலில் வந்து நின்றார். அந்தப் பொறுப்பதிகாரி என்று அடையாளம் காண எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மாற்றலாகிப் போவதாகச் சொன்னார். அந்த அம்மாவின் வீட்டுக்கு ஒருமுறை போகவேண்டும், நீயும் வா, எனக்குத் தமிழ் போதாது என்றார்.

அக்கா முற்றத்தில் நெல் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கதிரை எடுத்து வைத்தார். அதிகாரி இருந்தார். நான் மொழிபெயர்க்கத் தயாராகப் பக்கத்தில் நின்றேன். ஆனால் அவர் தமிழிலேயே தொடங்கினார். வழியில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கவேண்டும்.

"அம்மா, நானும் கேட்டது. அந்த பஸ். உங்க மாத்தயா, உங்க மனிசன் பேர் சொல்லிக் கேட்டது. எனக்குத் தெரிஞ்ச பெரிய ஆக்கள்கிட்ட கேட்டது. ஒருத்தரும் சொல்றது இல்ல."

அக்கா கையில் நெல் துழாவுகிற பலகையோடு நின்றார்.

அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். தெரியாமல் சொல்லவில்லையா, தெரிந்துகொண்டே சொல்லவில்லையா, யாரிடம் கேட்டீர்கள், அவர்கள் எங்கே இருக்கிறார்கள், நான் போய்க் கேட்கலாமா. அத்தனைக்கும் சிங்களத்தில் சொற்களை மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அதிகாரியும் அதற்காகத்தான் நிலத்தைப் பார்த்தபடி காத்திருந்தார் என்று நினைக்கிறேன்.

அக்கா பலகையைச் சுவரில் சாத்தினார்.

"இருங்க. தேத்தண்ணி வைக்கிறன்" என்று குசினிக்குள் போனார்.

தேத்தண்ணி வந்தது. அதிகாரி மெல்ல மெல்லக் குடித்தார். அக்கா எதிரில் குந்தியிருந்து, அவர் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். சீனி போதுமா என்றுகூடக் கேட்கவில்லை.